எலும்பில் ஒன்றுமில்லை என்று சொன்னவள்

1. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம்

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வருகிற இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எக்ஸ்றே அறையில் டியூட்டி விழுந்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஊருக்கு ஊர் விளையாட்டு விழா நடக்கும். வழுக்கு மரத்திலிருந்து விழுந்த மணிக்கட்டு, தலையணைச் சண்டையில் பிசகிய தோள், சைக்கிளோட்டத்தில் போன தோள்பட்டை எலும்பு எல்லாம் மத்தியானத்திலிருந்தே வரிசை கட்டி வரும். ஒரு வருஷம், கண்ணைக் கட்டிக்கொண்டு மண்முட்டி உடைக்கப் போனவர், முட்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற கிராம சேவகரின் விரலை உடைத்துக் கொண்டுவந்தார். அடித்தவரும் அடிவாங்கியவரும் ஒரே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள்.

நான் கதிர்ப்படப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சாதித்தவற்றை எழுதினால் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே நான் விட்ட பிழையை எழுதுகிறேன்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் தவராசாவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உரமான உடம்பு, வயல்காரன். பெனியன் முழுக்க மண். வலது முழங்கால் பொம்மிக்கொண்டு வந்தது. கூட வந்தவர் அவருடைய அக்காவின் புருஷன், அத்தான். பெயரை மகேந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் மண்ணோடுதான் நின்றார். கயிறிழுப்புப் போட்டியில் இழுத்த கைகள் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

நேர்ப்படம் ஒன்று, பக்கப்படம் ஒன்று எடுத்தேன். மொனிட்டரில் பார்த்தேன். மூட்டுக்குள் நீர் கோத்த நிழல் இருந்தது. முறிவு இல்லை, வெடிப்பு இல்லை.

"என்ன மிஸ், முறிஞ்சிட்டா?" என்று மகேந்திரன் கேட்டார்.

"இல்ல. எலும்பில ஒண்டுமில்ல."

"ஒண்டுமே இல்லையா?"

"ஒண்டுமில்ல. பயப்படாம கூட்டிட்டுப் போங்க."

படம் எடுப்பது எங்கள் வேலை, முடிவு சொல்வது டொக்டரின் வேலை. இது எங்களுக்குப் படிப்பிக்கிற முதல் பாடம். ஆனால் ஒரு மனிதன் வியர்த்து வடிய நின்று கேட்கும்போது, "டொக்டரிட்டக் கேளுங்க" என்று முகத்தைத் திருப்ப எனக்கு வாய் வருவதில்லை. நல்ல செய்தி என்றால் சொல்லிவிடுவேன். "எலும்பில ஒண்டுமில்ல" என்ற வார்த்தையை அதுவரைக்கும் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் மூச்சு விட்டுச் சிரித்தார்கள்.

மகேந்திரன் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி நாற்காலியில் இருந்த மச்சானை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

2. டொக்டர் நஸ்ரினின் பந்தயம்

தவராசாவின் கதையைத் தொடர முன்பு எலும்புக் கண்டல் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

தவராசா வருவதற்குச் சில வருஷம் முந்தி எங்களிடம் எம்.ஆர்.ஐ. வந்தபோது எனக்கு இருபது வருஷத்துக்குமேல் சேவை. எக்ஸ்றேயில் தெரியாத எலும்பு எது என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. அதை உடைத்தவர் காத்தான்குடியைச் சேர்ந்த கதிரியல் டொக்டர் நஸ்ரின். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் இளையவர்.

முதல் மாதத்தில் ஒரு பாடசாலைப் பிள்ளை முழங்காலோடு வந்தாள். வலைப்பந்து விளையாட்டில் பாய்ந்து இறங்கும்போது கால் திரும்பியது. அவளுக்கும் முந்தின கிழமை எக்ஸ்றே எடுத்து "ஒண்டுமில்ல" சொன்னவள் நான்தான். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கிற ஒரு வகைப் படம் இருக்கிறது. எலும்புக்குள் இருக்கும் மச்சையில் கொழுப்புத்தான் அதிகம். அதை அடக்கிவிட்டால் நல்ல எலும்பு கறுப்பாக வரும். உள்ளே எங்காவது அடிபட்டு இரத்தமும் நீரும் கசிந்திருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அன்று அந்தப் பிள்ளையின் முழங்கால் கறுப்பாக மேலெழுந்தது. அதற்குள் இரண்டு இடத்தில் வெள்ளை, விளக்குப் போட்ட மாதிரி.

நான் மெஷினில் பிழை என்று நினைத்தேன். முழங்காலைச் சுற்றி மாட்டுகிற கொயிலைக் கழற்றி மாட்டி இன்னொரு தரம் எடுத்தேன். அதே இரண்டு வெள்ளை.

"மெஷின் சரி மிஸ்," என்றார் டொக்டர். "எலும்பு கண்டியிருக்கு. தோல் கண்டினா நீலமாத் தெரியும். எலும்பு கண்டினா இதில மட்டும்தான் தெரியும்."

பிறகு அவர் காட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு வெள்ளை, தொடை எலும்பின் கீழ்நுனியில், வெளிப்பக்கம். மற்ற வெள்ளை, கீழ்க்கால் எலும்பின் தலையில், வெளிப்பக்கம்தான், ஆனால் பின்விளிம்பில். நல்ல முழங்காலில் இந்த இரண்டு இடமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. அவை மோத வேண்டுமென்றால் கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு வழுக்கித் திரும்ப வேண்டும். அது அப்படி வழுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பது நடுவில் இருக்கும் ஏ.சி.எல். என்கிற சவ்வு. சவ்வு அறுந்த அந்தக் கணத்தில் முழங்கால் இடம் விட்டுப் போய், எலும்பும் எலும்பும் இடித்து, திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கே தெரியாது. ஆனால் எலும்பு குறித்து வைத்திருந்தது. கதவிலும் நிலையிலும் இருக்கிற நசுங்கலைப் பொருத்திப் பார்த்தால், இடிக்கும்போது கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று சொல்லலாம் அல்லவா, அதுபோல.

ஒரு மனிதருக்கு நடந்த அந்தக் கணத்தை, கிழமைகள் கழித்து, நாங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே உடம்பைச் சிலிர்க்க வைத்தது. கோயிலில் திரை விலக்கும்போது மட்டும் எனக்கு அப்படி வரும்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம் தொடங்கியது. முழங்கால் படம் வந்தால், கூட வரும் துண்டுச் சீட்டில் எழுதியிருக்கும் விபரத்தை நான் கையால் மறைத்துக்கொள்வேன். டொக்டர் வெள்ளை இருக்கிற இடத்தை மட்டும் பார்த்து எப்படி அடிபட்டது என்று சொல்ல வேண்டும். பிழை விட்டால் அவர் எனக்குப் பிளேன்ரீ, பால் இல்லாத தேத்தண்ணீர், வாங்கித் தர வேண்டும். கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் வெள்ளையா? "வேன்ல முன் சீற். முழங்கால் டாஷ்போட்ல இடிச்சிருக்கு." முழங்கால் சில்லின் உள்விளிம்பில் வெள்ளையா? "சில்லு விலகித் திரும்பி வந்திருக்கு." வெளியே போய் ஆளைக் கேட்டால் அப்படியே சொல்வார்கள். நான் குடித்த பிளேன்ரீ மிகக் குறைவு.

ஒன்றை மட்டும் டொக்டர் அடிக்கடி சொல்வார். "இது எந்த நாளும் நிக்காது மிஸ். கொஞ்ச மாசம் போனா எலும்பு தன்னால ஆறிக் கறுத்துரும். பிறகு சவ்வு அறுந்தது தெரியும், எப்படி அறுந்தது எண்டது தெரியா."

3. சுகந்தி கொண்டுவந்த அட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை கழிந்து ஆறாவது கிழமை நான் எம்.ஆர்.ஐ.யில் இருந்தேன். ஒரு பெண் கிளினிக் அட்டையோடு வந்து யன்னலில் நின்றாள். தவராசாவின் மனைவி சுகந்தி. எலும்பு டொக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார், திகதி ஐந்து மாதத்துக்குப் பிறகு விழுந்திருக்கிறது, முன்னுக்கு எடுக்க ஏலுமா என்று கேட்க வந்திருந்தாள்.

"எல்லாருக்கும் அவசரம்தான், தங்கச்சி," என்று தொடங்கினேன்.

"நோவுக்கு இல்ல மிஸ்," என்றாள். "நோவ அவர் தாங்குவார். கதைய தாங்க ஏலாம இரிக்கார்."

கதை இதுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் ஆண்தான் பெண்ணின் வீட்டு வளவுக்குப் போய் இருப்பான். தவராசா பிறந்தது வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம். கட்டியது கிழக்கே எழுவான்கரையில். அக்கா பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு வேறோர் ஊரிலிருந்து வந்த மகேந்திரன் இப்போது அந்த ஊர்க் கயிறிழுப்பு அணிக்குத் தலைவர். இந்த வருஷம் இறுதிப் போட்டியில் எதிரே நிற்கப் போவது தவராசாவின் மனைவியுடைய ஊர் என்று தெரிந்ததும், "நீ நம்மட ஊரில பிறந்தவன், இந்த ஒரு தரம் எங்களுக்காக இழு" என்று மகேந்திரன் வந்து கூப்பிட்டிருக்கிறார். தவராசாவும் போய்விட்டார்.

எட்டுப் பேரில் ஏழாவது இடம். ஒன்றுக்கொன்று என்று வந்து, மூன்றாவது இழுவையில் எதிரணியைக் கோடு வரைக்கும் இழுத்து வந்துவிட்டார்கள். அந்த நேரம் தவராசா விழுந்தார். பின்னால் நின்றவன் அவர்மேல் தடக்கினான். முழு வரிசையும் போய்விட்டது.

"மனிசிட ஊருக்காகக் கைய விட்டுட்டான் எண்டு சொல்றாங்க மிஸ். எங்கட ஊர்ல உள்ளாக்கள் அதுக்கு மேல. சந்தியில கண்டா, மருமகன் நமக்காக விட்டுத் தந்தவர், சோடா குடுங்கடா எண்டு பகிடி பண்றாங்க. இவர் இப்ப ரெண்டு ஊரிலயும் வெளிய போறல்ல."

"விழுந்தவருக்கு முழங்கால் வீங்கியிருந்ததே. அதப் பாக்கல்லையா அவங்க?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் அன்றைக்கு இருந்தவள் என்று அவளுக்குத் தெரியாது.

"அதான் மிஸ். ஆஸ்பத்திரில படம் எடுத்தாங்களாம். படம் எடுத்த மிஸ் எலும்பில ஒண்டுமில்ல எண்டு சொன்னாவாம். மகேந்திரன் அண்ணன் அதக் காதால கேட்டுட்டு வந்து ஊர் முழுக்கச் சொல்லிட்டார். ஒண்டுமில்லாத காலுக்கு எதுக்கு விழுந்தான் எண்டு கேக்கார்."

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து போன சொல், பாலம் தாண்டி, ஒரு மனிதனைப் பொய்யனாக்கிவிட்டுத் திரும்ப என்னிடமே வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க அவளிடம் சும்மா அதட்டிப் பேசினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக அவள் சொன்னது இது. அக்காவின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வார்ப்பு. தேங்காய் உடைக்க வேண்டியவர் தாய்மாமன். தவராசாவைத் தவிர வேறு மாமன் அந்தப் பிள்ளைக்கு இல்லை. ஆனால் அழைப்பு வரவில்லை. "அவன் வரத் தேவையில்ல" என்று மகேந்திரன் சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா அழுதும் பார்த்துவிட்டாள்.

ஐந்து மாதம் போனால் எலும்பு ஆறிவிடும். சவ்வு அறுந்தது தெரியும். "விழுந்துதான் அறுந்தது, விட்டதால்தான் விழுந்தான்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனாலும் வரிசையில் நிற்கிறவர்களைத் தள்ளிவிட்டு ஒருவரை முன்னுக்கு எடுக்கிற வேலையை நான் ஒருநாளும் செய்ததில்லை. எங்களிடம் ஒரு முறை இருந்தது. யாராவது வராமல் விட்டால், அரை மணித்தியாலத்துக்குள் வரக்கூடியவர்களுக்குப் போன் எடுப்போம். அந்தப் பட்டியலில் பெயரை எழுதினேன்.

"போன கையில வெச்சிருங்க. எடுத்தா உடனே வரோணும்."

4. ஷெல் துண்டும் செப்புக் கூடும்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு எழுதியிருந்தவர் ஒரு வயதான மீனவர். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உள்ளே போகிறவரின் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. வேறு ஊர்களில் இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பார்களாம். யுத்தம் நடந்த எங்கள் ஊரில் முதல் கேள்வி வேறு.

"ஐயா, உடம்பில ஷெல் துண்டு, சன்னம் ஏதும் இரிக்கா?"

"ஒண்டு கிடக்கு மகள். கண்ணுக்குப் பின்னால. அது ஒண்டும் செய்யிறல்ல, அதுட பாட்டில கிடக்கு."

அவரை உள்ளே விட முடியாது. காந்தம் அந்தத் துண்டை அசைத்தால் பார்வை போய்விடும். டொக்டர் வேறு முறையில் பார்ப்பதாகச் சொல்லி அவரை அனுப்பினார். முப்பது வருஷத்துக்கு முந்தின ஒரு துண்டு இரும்பு அன்றைக்கு ஒரு இடத்தைக் காலியாக்கியது. சுகந்திக்குப் போன் எடுத்தேன். இருபது நிமிஷத்தில் ஓட்டோவில் வந்துவிட்டார்கள்.

தவராசா ஊன்றுகோலோடு வந்தார். ஏப்ரலில் நான் கண்ட ஆள் இல்லை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, யாரோடும் கண் கொடுக்காமல் நின்றார். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோது வலது புஜத்தில் கறுப்பு நூலும், நூலில் தாயத்துப் போல் சின்னச் செப்புக் கூடும் இருந்தன.

"இத அவிழ்க்கோணும் தம்பி. செம்பு சரி, உள்ளுக்க என்ன வெச்சிருக்கெண்டு நமக்குத் தெரியா."

"ஏலா மிஸ்."

"கத்தரிக்கோல் தாறன்."

"கோயில் நூல வெட்டக் கூடா. அத்தான் கட்டினது. போட்டிக்கு முதல்நாள் அம்மன் கோயில்ல வெச்சு எட்டுப் பேருக்கும் கட்டினவர். முடிஞ்ச பிறகு அவரே அவிழ்த்துக் கோயில் மரத்தில கட்டோணும். மத்த ஏழு பேருக்கும் அண்டைக்கே அவிழ்த்தாச்சு." நூலை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "என்னக் கூப்பிடல்ல."

ஆறு கிழமையாக அந்த நூலோடுதான் மனிதர் இருந்திருக்கிறார். குளிக்கும்போதும் படுக்கும்போதும். போட்டி அவருக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் மெஷின் காத்துக்கொண்டு நிற்கிறது, பன்னிரண்டு மணிக்கு அடுத்தவர் இருக்கிறார்.

"அப்ப கட்டினவரக் கூப்பிடுங்க," என்றேன்.

சுகந்தி வெளியே போய்ப் போன் எடுத்தாள். திரும்பி வந்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. "அம்மன்ட நூல வெட்டச் சொல்லாதே, வாறன் எண்டார்," என்றாள்.

வலையிறவுப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்திருப்பார். சேறு காயாத காலோடு, வயல் வட்டையிலிருந்து நேரே. என்னைக் கண்டதும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். தலையை மட்டும் அசைத்தார். தவராசாவின் பக்கத்தில் போய், முடிச்சைப் பல்லால் இளக்கி, நூலை அவிழ்த்தெடுத்தார். கூட்டைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"நில்லுங்க," என்றேன். "படம் வர அரை மணித்தியாலம். பாத்துட்டுப் போங்க. அண்டைக்கு நான் சொன்னத வெச்சுத்தானே நீங்க கதைச்சீங்க."

பிறகு தவராசாவிடம் கேட்டேன். ஒருவருடைய படத்தை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் காட்டக் கூடாது. "அத்தான் பாக்கலாமா தம்பி?"

"பாக்கட்டும் மிஸ். என்ட வாயால சொன்னத அவர் கேக்கல்ல," என்றார் அவர்.

5. மகேந்திரன் பார்த்தது

முழங்காலைக் கொயிலுக்குள் வைத்துப் பட்டி இறுக்கி, காதுக்கு அடைப்பான் கொடுத்து, கதவைச் சாத்தினேன். மெஷின் தட்டத் தொடங்கியது. கண்ணாடிக்கு இப்பால் நானும் மகேந்திரனும். அவர் கதிரையில் உட்காரவில்லை.

பல நூறு முழங்கால் எடுத்திருக்கிறேன். அன்றைக்குப் போல ஒரு படத்துக்குப் பயந்ததில்லை. வெள்ளை இல்லாவிட்டால் என்ன செய்வது? ஆறு கிழமையில் ஆறியிருந்தால்? முன்பக்கம் மட்டும் வெள்ளை இருந்தால்? முழங்காலைக் குத்தி விழுந்தவனுக்கு அப்படித்தான் வரும். அப்படி வந்தால் நானே மகேந்திரனைக் கூப்பிட்டு வைத்து, தவராசாவை இரண்டாம் தரமும் பொய்யனாக்கினேன் என்று ஆகிவிடும்.

கொழுப்பை அடக்கின படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கறுப்பு. கறுப்பு. பிறகு தொடை எலும்பின் வெளிநுனியில் மெல்ல வெளுத்தது. அடுத்த படத்தில் கீழ்க்கால் எலும்பின் பின்விளிம்பு வெளுத்தது. ஓரங்கள் மங்கத் தொடங்கியிருந்தன. ஆனாலும் இரண்டும் இருந்தன. முன்பக்கம் முழுதும் கறுப்பு. நடுவில் ஏ.சி.எல். இருக்க வேண்டிய இடத்தில் சவ்வு இல்லை, பிய்ந்த நார்தான் இருந்தது.

டொக்டர் நஸ்ரினைக் கூப்பிட்டேன். வழக்கம்போல் துண்டைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் வழக்கம்போல் படத்தை மட்டும் பார்த்தார்.

"கால் நிலத்தில இறுகி நிண்டிருக்கு. அசையவே இல்ல. மேல பெரிய பாரம். அதோட உடம்பு திரும்பியிருக்கு. ஏ.சி.எல். முழுக்கப் போயிட்டு. புட்போல்காரரா?"

"இல்ல டொக்டர்."

"அப்ப எல்லே அடிச்சுப்போட்டு ஓடினவரா?"

"இல்ல. கயிறு இழுத்தவர்."

அவர் சிரித்துக்கொண்டு, "பிளேன்ரீ உங்களுக்குத்தான்," என்றார். அப்போதுதான் பின்னால் நின்ற மகேந்திரனைக் கண்டார். யாரென்றும் என்ன நடந்ததென்றும் சுருக்கமாகச் சொன்னேன். டொக்டரின் சிரிப்பு நின்றது.

மகேந்திரன் முன்னுக்கு வந்தார். "டொக்டர், கையக் கயித்தில இருந்து விட்டுட்டு விழுந்தா இப்படி வருமா?"

"கைய விட்டாரா இல்லையா எண்டு எலும்பு சொல்லாது. கால் எங்க நிண்டது, பாரம் எங்க இருந்தது, அத மட்டும்தான் சொல்லும்." டொக்டர் இரண்டு வெள்ளையையும் விரலால் காட்டினார். "இந்த இடமும் இந்த இடமும் சும்மா இருக்கக்குள்ள ஒண்டையொண்டு தொடாது. தொட்டிருக்கு. அதுக்குக் கால் நிலத்த விடாம நிக்கோணும். மேல பாரம் இழுபட்டுக்கொண்டு இருக்கோணும்."

மகேந்திரன் மொனிட்டருக்கு மிகக் கிட்டப் போனார். நான் தள்ளி இடம் விட்டேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்களுக்குச் சொல்வதுபோல் இல்லாமல், தனக்கே சொல்வதுபோல் பேசினார்.

"குதிகாலால குழி பறிச்சு அதுக்குள்ள கால வெச்சுச் சாஞ்சுதான் நாங்க இழுக்கிற. சாஞ்சு நிக்கிறவன் கைய விட்டா குதிகால் ரெண்டும் குழிய விட்டு மேல வந்திரும். பின்புறம்தான் நிலத்தில அடிக்கும். முழங்காலுக்கு ஒரு வேலையுமில்ல." விரல் வெள்ளையின் மேல் நின்றது. "இவன்ட கால் குழிக்குள்ளயே நிண்டிருக்கு. முழங்கால் கழண்டு போற வரைக்கும் இவன் இழுத்திருக்கான்."

டொக்டருக்கு எலும்பு தெரியும், எனக்கு மெஷின் தெரியும். ஆனால் அந்தக் குழியை அறிந்தவர் மகேந்திரன் மட்டும்தான். எங்கள் இரண்டு பேராலும் சொல்ல முடியாத மிச்சத்தை அவரே வாசித்துவிட்டார். வாய் பேச முடியாத எலும்பு, ஆறு கிழமையாக இருட்டுக்குள் அந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு, கேட்க ஆள் வரும்வரை இருந்திருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மெஷின் தட்டுவது நின்றது. அந்த அமைதியில் மகேந்திரன் சொன்னார்.

"நான்தான் விட்டனான் மிஸ்."

எனக்கு விளங்கவில்லை. "எத?"

"கயித்த. இருவது வருசத்துக்கு முந்தி. கலியாணம் கட்டின புதிசு. என்ட ஊருக்காக இழுத்தன், எதிர்ப்பக்கம் மனிசிட ஊர். கரையில நிண்டு அவ பாத்துக்கொண்டு நிண்டா. நான் கைய இளக்கிட்டன். ஒருத்தருக்கும் தெரியா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவனும் அப்படித்தான் செய்திருப்பான் எண்டு நினைச்சன். நான் செய்தத்த வெச்சு இவன அளந்துட்டன்."

கதவைத் திறந்து தவராசாவை வெளியே எடுத்தேன். ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தது மகேந்திரன். பிறகு சேட்டுப் பையிலிருந்து அந்த நூலை எடுத்தார்.

"மத்த ஏழும் மரத்தில கிடக்கு. இத நான் தனியக் கொண்டு போய்க் கட்ட ஏலா மச்சான். நீயும் வா."

தவராசா தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு நிக்க ஏலா அத்தான்," என்றார்.

"கோயில்ல கதிரை இரிக்கி. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கதிரை போட்டு வெக்கிறன். இருந்துகொண்டு தேங்காய் உடை."

சுகந்தி சுவருக்குத் திரும்பி நின்று அழுதாள். அன்று பன்னிரண்டு மணிக்கு எழுதியிருந்தவரை நான் பத்து நிமிஷம் பிந்தித்தான் கூப்பிட்டேன். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் என்னை நன்றாக ஏசினார். பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

6. இப்போது சொல்வது

மகேந்திரன் எங்களிடம் சொன்ன இரகசியத்தை நான் எழுதலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். அந்தக் கவலை வேண்டாம். தண்ணீர் வார்ப்பு வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், இரண்டு ஊர்ச் சனத்துக்கும் முன்னால் அவரே எழும்பி நின்று சொல்லிவிட்டாராம். அவருடைய மனைவி, தனக்கு அது இருபது வருஷமாகத் தெரியும் என்றாளாம். தவராசாவுக்குப் பிறகு சவ்வு மாற்றி ஒப்பரேஷன் நடந்தது. அடுத்த வருஷம் அவர் இழுக்கவில்லை, கோட்டில் நின்று நடுவர் வேலை பார்த்தார். இரண்டு ஊரும் கேட்டுத்தான் அவரை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகும் எனக்கு நாலு வருஷம் சேவை இருந்தது. முழங்கால் எக்ஸ்றே எடுத்த ஒவ்வொரு தடவையும் வாய் பழைய வார்த்தைக்குத்தான் போகும். இழுத்துப் பிடித்து நிறுத்துவேன். ஒன்றுமில்லை என்பது வேறு, எனக்குத் தெரியவில்லை என்பது வேறு. இருபத்தேழு வருஷமாக நான் இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை பேரை அந்தச் சொல்லோடு வீட்டுக்கு அனுப்பினேன், அவர்களில் யாருக்கு வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை.

என் கடைசி டியூட்டி நாளில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உயரம் பாய்ந்து இறங்கும்போது முழங்கால் திரும்பிவிட்டது. படம் எடுத்தேன். நல்ல படம், முறிவு இல்லை.

"பள்ளிக்கூடத்தில நடிக்கிறாள் எண்டு சொல்றாங்க மிஸ்," என்றாள் தாய். "எலும்பில ஒண்டுமில்லத்தானே?"

"எக்ஸ்றேல முறிவு தெரியல்ல," என்றேன். "எக்ஸ்றேக்குத் தெரியாததும் எலும்புக்குள்ள இருக்கும். பிள்ளை நோகுது எண்டு சொன்னா நோகுது."

அந்தப் பிள்ளை அதுவரை அழவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள்.